முதுகுக்குக் கை எட்டவில்லை

டில்லிக் குளிர் வந்துவிட்டால் நம்மவர்கள் கூடுமிடத்தில் ரஜாய், கம்பளி, ஹீட்டர் என்று பேச்சு நீளும். முதுகு அரிப்பைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. வெட்கத்தை விட்டு நான் சொல்லிவிடுகிறேன்.

மனைவி இருந்தவரை சனிக்கிழமைதோறும் என் முதுகில் எண்ணெய் தேய்த்துவிடுவாள். அவள் போனபின் வந்த முதல் ஜனவரியில்தான், என் கை என் முதுகின் நடுவுக்குப் போய்ச் சேராது என்பது உறைத்தது. நடைபாதைக் கடையில், விரல்கள் போலச் செதுக்கிய மரக்குச்சி ஒன்று வாங்கினேன். சொறியச் சொறியச் சுகம்! ஒருநாள் துணி துவைக்கும் பெண் என் பனியனைத் தூக்கிக் காட்டி, "பாபுஜி, கூன்!" என்றாள். நம் மொழியில் முதுகுக்கு வருகிற கூன் வேறு. அவள் காட்டியது ரத்தம்.

எனக்கு 12 வருடமாகச் சர்க்கரை. புண் ஆற 3 வாரம் ஆயிற்று. தோல் மருத்துவர் குச்சியைக் குப்பையில் போடச் சொன்னார். வறண்ட காற்றும் ஹீட்டரும் தோலின் ஈரத்தை உறிஞ்சுகின்றனவாம். வயதானவர் தோலில் எண்ணெய்ப் பசையே குறைவு. இருப்பதையும் கீஸரின் கொதிநீரும் சோப்பும் சீயக்காயும் கழுவிவிடுகின்றன. நானோ அரிக்கிறதே என்று இன்னும் சுடச்சுட ஊற்றிக்கொண்டிருந்தேன்!

இப்போது வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடக் குளியல். சோப்பு அக்குள் போன்ற இடங்களுக்கு மட்டும். துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் முழுதும் காயுமுன் வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவுகிறேன். (பஞ்சாபி நண்பர் கடுகெண்ணெய்தான் என்பார். வெடித்த தோலில் அது எரியும்.) தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், புட்டியை வெந்நீரில் சற்று வைத்தால் இளகும்.

முதுகுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய வேட்டியில் நீளமாக ஒரு துண்டு கிழித்து, நடுவில் எண்ணெய் தடவி, இரு முனைகளையும் பிடித்து, முதுகு துவட்டுவதுபோல் மெல்ல இழுக்க வேண்டும். குளியலறையில் நின்றபடி செய்யாதீர்கள், வழுக்கும். எண்ணெய்த் துணியை ஹீட்டர் பக்கமும் கொண்டு போகாதீர்கள். ஸ்வெட்டருக்கு உள்ளே பருத்தி பனியன் அவசியம்.

இத்தனைக்கும் பிறகு 2 வாரத்தில் அரிப்பு அடங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டுக் கோளாறுகளிலும் அரிப்பு வரும். என் ரத்தப் பரிசோதனையில் அவை ஒன்றுமில்லை, சர்க்கரைதான் எகிறியிருந்தது. தனியாகச் சமைத்துக்கொள்ள அலுப்புப்பட்டு, ரொட்டியும் ஜாமுமாக ஓட்டியதன் பலன்.