ஸ்டீரிங் ஆடினால் தோள் வலிக்கும்



வழக்கமாக இந்தப் பகுதியில் சர்க்கரை வியாதி, பாம்புக்கடி, பூச்சிமருந்து என்றுதான் எழுதி வருகிறேன். இம்முறை பிக்கப் வண்டியின் ஸ்டீரிங்கைப் பற்றி எழுதப் போகிறேன். டிரெஸ்ஸருக்கு எதற்கு ஃபோர்மன் வேலை என்று சிரிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

எங்கள் தோட்டத்துப் பிக்கப் டிரைவர் ஒருவர், வயது ஐம்பதைத் தாண்டியவர், மூன்று மாதத்தில் நான்கு தடவை வலது கை வலி என்று வந்தார். முழங்கையின் வெளிப்பக்கத்தைத் தொட்டாலே துடிக்கிறார். தோள்பட்டை கட்டை மாதிரி இறுகிக் கிடக்கிறது. நானும் தைலம், மாத்திரை என்று கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். நான்காம் தடவைதான் எனக்குப் புத்தி வந்தது. "அண்ணே, வண்டியில எப்படி உக்காந்து எப்படிப் புடிக்கிறீங்க, கொஞ்சம் காட்டுங்க" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கி, எதையோ கீழே விழாமல் தாங்குவது போலக் காட்டினார். "ஸ்டீரிங் தலையாட்டுதுங்கய்யா. தூக்கிப் புடிச்சிக்கிட்டேதான் ஓட்டணும். விட்டா தொடை மேல வந்து உக்காந்துக்கும்" என்றார்.

வெளியே போய் வண்டியைப் பார்த்தேன். ஸ்டீரிங் குழாய்க்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் மரக்கட்டையைச் சொருகி, மேலே கம்பி சுற்றிக் கட்டியிருந்தது. ஆறு மாதமாக அப்படித்தானாம்.

ஆடுகிற ஸ்டீரிங்கை ஓட்டுகிறவன், தனக்குத் தெரியாமலே அதை இறுக்கிப் பிடிக்கிறான். விரலை மடக்கி இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டை நிமிர்த்தி நிறுத்துவது முன்கையின் மேல்பக்கத் தசைகள். அந்தத் தசைகள் வந்து சேரும் இடம்தான் முழங்கையின் வெளி எலும்பு. செம்மண் பாதையில் குலுங்கிக் குலுங்கி ஒரு நாளைக்கு ஐந்து ஆறு மணி நேரம் இப்படிப் பிடித்தால் அந்த இடம் புண்பட்டுப் போகும். தைலம் தடவினால் அன்றைக்கு ஆறும், மறுநாள் பெரட்டு முடிந்து வண்டி ஏறியதும் திரும்ப வரும். வண்டிக்கு வைத்தியம் பார்க்காமல் கைக்கு வைத்தியம் பார்த்தது என் தப்பு.

இனி வண்டியின் நோயைப் பார்ப்போம். ஈப்போவில் ஃபோர்மனாக இருக்கும் என் மைத்துனரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

ஆளுக்குத் தகுந்தபடி ஸ்டீரிங்கை மேலே கீழே மாற்றி வைக்கும் வசதியை டில்ட்டு என்கிறோம். குழாயின் கீழ்ப்பக்கம் ஒரு கீல் மாதிரி இருக்கும். மேல்பக்கம் ஒரு பிராக்கெட்டுக்குள் குழாய் ஏறி இறங்கும். வேண்டிய உயரத்தில் அதைப் பிடித்து நிறுத்துவது பக்கத்திலுள்ள சிறு நெம்புகோல். சில வண்டிகளில் இந்த நெம்புகோல் ஒரு நீள போல்ட்டை இறுக்கி, தகடுகளை நெருக்கிப் பிடிக்கும். வேறு சிலவற்றில் ரம்பப் பல் போன்ற பற்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். தகடு தேய்ந்தாலும் பல் மழுங்கினாலும் கீலிலுள்ள புஷ் தேய்ந்தாலும் ஆட்டம் வரும்.

ஆட்டம் வருவதற்கு வயசு மட்டும் காரணமல்ல. பிக்கப் உயரமான வண்டி. நம் டிரைவர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் ஸ்டீரிங்கைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுகிறார்கள். எழுபது கிலோ ஆள் ஒரு நாளைக்கு முப்பது தடவை தொங்கினால் அந்தச் சிறிய பிராக்கெட் என்ன செய்யும்? வட்டம் கீலை விட்டுத் தூரத்தில், பிராக்கெட் கிட்டத்தில். ஆகவே நாம் கொடுக்கும் பாரம் அங்கே பெருகித்தான் விழும்.

சோதிப்பது சுலபம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நெம்புகோலைப் பூட்டிவிட்டு, வட்டத்தை மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். சுழற்றக் கூடாது, அசைக்க வேண்டும். குழாயே அசைந்தால் கோளாறு டில்ட்டிலோ பிராக்கெட்டிலோ இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் குனிந்து டேஷ்போர்டின் கீழே டார்ச் அடித்துப் பார்த்தால் எது அசைகிறது என்று தெரிந்துவிடும். குழாய் அசையாமல், வட்டத்தைச் சுழற்றும்போது சக்கரம் திரும்பாமல் வெறுமனே சுழல்கிறது என்றால் அது வேறு வியாதி. தண்டின் மூட்டு, ஸ்டீரிங் பெட்டி, சக்கரத்துப் பக்கம் உள்ள பந்து மூட்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பழைய டொயோட்டா பிக்கப்களுக்கு இந்த வெறும் சுழற்சி வட்டத்தின் விளிம்பில் 30 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. ஏறக்குறைய இரண்டு விரல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வியாதியும் சேர்ந்தும் இருக்கலாம்.

பழுது பார்ப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். ஸ்டீரிங்கில் காற்றுப்பை உள்ள வண்டியாக இருந்தால் கழற்றியபின் குறைந்தது 90 விநாடி சும்மா இருக்க வேண்டும். மஞ்சள் நிற இணைப்புகளில் கை வைக்கக் கூடாது. முகத்துக்கு நேராக வெடிக்கும் சாமான் அது. இந்த மாதிரி வண்டியைப் பழகிய ஃபோர்மனிடம் விட்டுவிடுவதே நல்லது.

பிறகு குழாயைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் பிராக்கெட் தெரியும். முதலில் பிராக்கெட்டை டேஷ்போர்டுக்கு உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். பாதி வண்டிகளில் கோளாறு இங்கேதான் என்கிறார் மைத்துனர். தளர்ந்திருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணெய் போகத் துடைத்து, நீல நிற லாக்டைட் தடவி, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குழாய் கீழே தொங்கிவிடும். அடுத்தது நெம்புகோல் போல்ட். தகடு வகையில் நட்டைச் சரிக்கட்டி நெம்புகோலின் இறுக்கத்தை மீட்கலாம். பல் மழுங்கியிருந்தாலும் புஷ் தேய்ந்திருந்தாலும் சாமான் மாற்றுவது தவிர வழி கிடையாது. தானே பூட்டிக்கொள்ளும் நட்டைக் கழற்றினால் புதிது போடுங்கள். பழையதற்குப் பிடிப்பு இருக்காது.

அமெரிக்காவின் பழைய ஷெவர்லே பிக்கப்களில் இந்த நோய் பேர்போனது. அங்கே சகினா டில்ட்டு என்ற வகையில், குழாயின் தலைக்குள்ளே நான்கு போல்ட்டுகள் ஒளிந்திருக்கின்றன. அவை தளர்ந்தால் தலை முழுவதும் ஆடும். அவற்றைத் தொடுவதற்கு வட்டத்தை இழுப்பானால் கழற்றி, பூட்டுத் தகட்டை அமுக்கி வளையத்தை எடுத்து, சிக்னல் சுவிட்சையும் சாவிப் பூட்டையும் விலக்கி, விசை ஸ்பிரிங்கை விடுவித்து, இரண்டு கீல் ஊசிகளையும் பிடுங்க வேண்டும். நான்கு போல்ட்டை இறுக்க அரைநாள் வேலை. அந்த ஊர்க்காரர்களிலும் அலுத்துப்போய் அப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டாம். சோம்பல் நம் தோட்டத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

இப்போது அந்த மரக்கட்டைக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

முன்காலத்து வண்டிகளில் ஸ்டீரிங் தண்டு ஒரே நீள இரும்பு. முன்னால் மோதினால் அது ஈட்டி மாதிரி டிரைவரின் நெஞ்சில் வந்து குத்தும். மோதலில் மடங்கி உள்வாங்கும் குழாயை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1967 மாடல் வண்டிகளில் போட்டது. அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் கார்களுக்கு இது சட்டமாயிற்று. பிறகு மற்ற நாட்டு வண்டிகளுக்கும் வந்தது. இந்த வகையில் பல வண்டிகளின் மேல் பிராக்கெட், நெஞ்சு வந்து மோதியதும் பிடியிலிருந்து நழுவி, குழாயை முன்னே போக விடும்படி செய்யப்பட்டிருக்கிறது. அங்கே கட்டையைச் சொருகிக் கம்பியால் கட்டினாலோ, வெல்டிங் வைத்துவிட்டாலோ, நழுவ வேண்டியது நழுவாமல் போகலாம். ஆட்டம் நின்றுவிடும், ஆனால் நாமே பழைய ஈட்டியைத் திரும்பச் செய்து வைத்தவர்கள் ஆவோம்.

நான் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில் வெல்டிங் வைத்த ஸ்டீரிங்கோடு ஓடிய பிக்கப் ஒன்று மதகுச் சுவரில் மோதியது. டிரைவர் தானே நடந்து வந்தார். "நெஞ்சுல லேசா அடிங்கய்யா, ஒண்ணுமில்ல" என்றார். உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரத்தில் மூச்சு வாங்கியது, உதடு நீலம் பாய்ந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மூன்று விலா எலும்பு முறிந்து, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தது. குழாய் போட்டுக் காற்றை எடுத்துப் பிழைக்க வைத்தார்கள். வெல்டிங்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த வண்டியைப் பார்த்தவன் நான்.

ஆகவே நெஞ்சு ஸ்டீரிங்கில் மோதினால், வலி குறைவாக இருந்தாலும் உடனே சொல்லுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு படபடப்பு, இருமலில் ரத்தம், மயக்கம், வயிற்று வலி, இடது தோளில் காரணமில்லாத வலி ஆகிய எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். இடது தோள் வலி மண்ணீரல் கிழிந்ததன் அடையாளமாக இருக்கக்கூடும். ஆளை நடக்க விடாமல், அவருக்கு மூச்சு விடச் சுலபமான நிலையில் வைத்து அனுப்ப வேண்டும். குடிக்கவும் எதுவும் கொடுக்கக் கூடாது.

"மேனேஜர்கிட்ட சொன்னா பட்ஜெட் இல்லேங்கிறாரு" என்று டிரைவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். வாயால் சொன்னது காற்றோடு போகும். தேதி, வண்டி நம்பர், என்ன ஆடுகிறது என்று எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். வேலைக்குக் கொடுக்கும் வண்டியைப் பத்திரமான நிலையில் வைப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், 15ஆம் பிரிவில் சொல்கிறது. 2024 ஜூன் 1 முதல் அதில் 26ஏ என்ற பிரிவும் சேர்ந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது.

எங்கள் டிரைவரும் எழுதிக் கொடுத்தார். கீழே நானும் மருத்துவக் குறிப்பு ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு நாளில் புது புஷ்ஷும் நெம்புகோல் போல்ட்டும் வந்தன. வாசல் கம்பத்தில் ஏறுவதற்கு ஒரு கைப்பிடியும் பொருத்தச் சொன்னோம்; பொருத்தினார்கள். முழங்கை வலி ஆற இரண்டு மாதம் பிடித்தது. தோள் இன்னும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது, வாரம் ஒருமுறை வந்து பயிற்சி செய்துவிட்டுப் போகிறார்.