வெந்நீர்க் கிருமி தந்த கத்தி



காது குத்தினால் இரத்தம் நிற்பதில்லை. பால்பல் விழுந்தால் தலையணை நனைகிறது. முழங்கால் அடிக்கடி வீங்குகிறது. இப்படி ஒரு பையன் உங்கள் வீட்டில் உண்டா? தாய்மாமனுக்கும் இதே தொல்லை இருந்ததா? "செய்வினை" என்று சொல்லி நாளைக் கடத்தாதீங்க. ஹீமோஃபீலியா என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். இரத்தத்தை உறைய வைக்கும் பொருள் குறைவதால் வருவது இது.

பையனுக்கு இது பெரும்பாலும் தாய் வழியாக வருகிறது. ஆனால் பல தாய்மாருக்கு வெளியில் ஒன்றும் தெரியாது. "எனக்கும் அந்தக் குறை இருக்குமா?" என்று அவள் தங்கை கேட்டால், சாதாரண இரத்தப் பரிசோதனையால் உறுதியாகச் சொல்ல முடியாது. மரபணுவைப் பார்க்க வேண்டும். அதற்கு உதவியது ஒரு கிருமி.

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் இருந்தது அது. தாமஸ் பிராக், ஹட்சன் ஃபிரீஸ் இருவரும் 1969-ல் அதற்கு தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டார்கள். நம் கை வெந்துபோகும் 70 டிகிரி சூட்டில் அது சுகமாக வளரும்! உள்ளே நுழையும் வைரஸின் டி.என்.ஏ.வை வெட்டிப்போட அது ஓர் என்சைம் வைத்திருக்கிறது. பெயர் 'டாக்-ஒன்'. 65 டிகிரியில்தான் அது நன்றாக வேலை செய்யும்.

டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் எழுதிய நீண்ட நூல். டி, சி, ஜி, ஏ என்று வரிசையாக வரும் இடத்தில் மட்டுமே டாக்-ஒன் வெட்டும். பால்மரத்தில் வெட்டுக்கோட்டை விட்டு நம் கத்தி விலகக் கூடாது அல்லவா, அப்படி! அந்த எழுத்துகளில் ஒன்று மாறினாலும் வெட்டு விழாது. இரண்டு துண்டாக வேண்டியது ஒரே நீளத் துண்டாக நிற்கும். அதைப் பார்த்தே பிழை இருக்கும் இடம் தெரிந்துவிடும். சி-யும் ஜி-யும் சேரும் இடத்தில்தான் மனிதருக்கு எழுத்து அடிக்கடி மாறுகிறது. அதனால் 1985-ல் சில ஹீமோஃபீலியா நோயாளிகளின் பிழையை இந்தக் கத்தியே காட்டிக் கொடுத்தது. இன்று மரபணுவை எழுத்தெழுத்தாகவே படிக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. குடும்பத்தில் இரத்தப்போக்கு உண்டென்றால், பிரசவத்துக்கு முன்பே அரசாங்க மருத்துவமனையில் சொல்லுங்கள்.

2. பல் பிடுங்கும் முன், ஊசி போடும் முன் சொல்லுங்கள்.

3. அந்தப் பையனுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்.

4. தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

கடைசியாக ஒன்று. மருமகளைப் பழிக்காதீங்க. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் இது வரும். எழுத்து மாறியது யார் குற்றமும் இல்லை.