ஒரு வெள்ளி மருந்தகமும் நம் தோட்டத்து மக்களும்

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பது நம் முன்னோர் வாக்கு. அச்செல்வம் ஏழைக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக அமைந்தவையே அரசாங்கச் சுகாதார மருந்தகங்கள். மலேசியக் குடிமக்கள் அங்கே 1 ரிங்கிட் செலுத்தி மருத்துவரைப் பார்த்து, மருந்தும் பெற்று வரலாம். இவ்வளவு மலிவாக இருந்தும் கெடா தோட்டப்புற மக்களுள் சிலர் நோய் முற்றிய பிறகே அங்குச் செல்வது ஏன்? இதற்கு விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

தோட்டத்து ஆஸ்பத்திரி

கோல மூடா, கூலிம் மாவட்டங்களின் இரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தருவது நிர்வாகத்தின் கடமையாக இருந்தது. 'டிரெசர்' என்று மக்கள் அழைத்த மருத்துவ உதவியாளரே அங்கு எல்லாம். மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே வந்து போவார். இத்தகைய உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. டிரெசர் நிர்வாகத்திடம் சம்பளம் வாங்கியவர் என்பது ஒரு குறைதான். ஆயினும், லயத்திலிருந்து நடந்தே போகலாம். தமிழிலேயே நோயைச் சொல்லலாம்.

அரசாங்கத்தின் ஏற்பாடு

1950-களில் மலாயாவில் கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. 50,000 பேருக்கு ஒரு தலைமை நிலையம், அதன்கீழ் துணை நிலையங்கள், அவற்றின்கீழ் மருத்துவச்சி மருந்தகங்கள் என அது மூன்று அடுக்குகளாக இருந்தது. 1970-களில் அது இரண்டு அடுக்காக்கப்பட்டது. ஏறக்குறைய 20,000 பேருக்கு ஒரு சுகாதார மருந்தகம். 4,000 பேருக்கு ஒரு 'கிளினிக் டேசா'.

கிளினிக் டேசாவில் தாதியரே தாய் சேய் நலத்தைக் கவனிக்கின்றனர். கர்ப்பிணிகளின் பதிவேட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் குறியிடுவர். வெள்ளை என்றால் தாதியரின் கவனிப்பே போதும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். எளிய முறைதான், ஆனால், ஆபத்தை முன்கூட்டியே காட்டிவிடுகிறது.

இத்திட்டம் பெரும்பாலும் கம்போங்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. தோட்டமோ தனியார் நிலம்; எனவே, அங்குள்ளோரின் நலம் முதலாளியின் பொறுப்பு என்றே விடப்பட்டது. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல இடங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. நம்மவர் சுங்கை பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ், பீடோங் என்று குடிபெயர்ந்தனர். டிரெசர் இல்லாமற் போனார். மருந்தகம் இருந்தது, ஆனால், அங்குச் செல்லும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை.

இனிப்பு நீர்

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டையும் தாண்டியது. இந்நோய் தொடக்கத்தில் வலி தருவதில்லை. ஆகவே, 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று இருந்துவிடுகிறோம். மருந்தகத்தில் எடுக்கப்படும் எச்பிஏ1சி பரிசோதனை, கடந்த மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரை அளவைக் காட்டிவிடும். முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து அதனை ஏமாற்ற முடியாது! கண், பாதம், சிறுநீரகம் ஆகியவற்றையும் அங்கே சோதிப்பர்.

தடை பணமா?

கட்டணம் 1 ரிங்கிட்தான். ஆனால், நாள் சம்பளக்காரருக்கு ஒரு நாள் வேலை போகிறது. பேருந்து இல்லாத இடத்திலிருந்து வாடகை வண்டி பிடிக்க வேண்டும். மாத்திரையும் மாதந்தோறும் வாங்க வேண்டும். 'அழைத்துப் போக ஆள் வேண்டுமே' என்று என் பாட்டி மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கி வந்தார். மாத்திரை இருமடங்கு நாள் வந்தது, சர்க்கரை இறங்கவில்லை. மலாய்மொழியில் தாதி கேட்பதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வரும் முதியோரும் உண்டு. அடையாள ஆவணம் இல்லாதவர் நிலை இன்னும் கடினம். குடிமக்கள் அல்லாதார்க்குக் கட்டணம் அதிகம்.

ஆக, மருந்தகத்திற்கும் நம் வீட்டிற்கும் இடையிலுள்ள தூரமே உண்மையான தடை எனலாம். அதைக் குறைப்பதில் மாணவர்களாகிய நமக்கும் பங்குண்டு. விடுமுறையில் வீடு திரும்பும்போது பெற்றோர், தாத்தா பாட்டியரின் சிகிச்சைப் புத்தகத்தைத் திறந்து, அடுத்த சந்திப்பு எப்போது என்று பாருங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் மருந்தகம் இயங்குகிறது. அன்று உடன் செல்லுங்கள். குறைந்த வருமானம் பெறும் 40 வயதைக் கடந்தோர்க்கு, 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு என்பதையும் அண்டை வீட்டாருக்குச் சொல்லுங்கள். படித்த பிள்ளை ஒன்று பக்கத்தில் நின்றால், தலையாட்டும் பாட்டியும் வாய் திறந்து தன் வலியைச் சொல்வார்.