சக்தி பானங்கள்: டின்னுக்குள் இருப்பது என்ன?

நாளை தேர்வு. அல்லது, இரவு வேலை முடிய இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது. கண் சொருகும்போது பலர் ‘எனர்ஜி டிரிங்க்’ எனப்படும் சக்தி பானத்தை வாங்கிக் குடிக்கிறார்கள். அது உண்மையிலேயே சக்தி தருகிறதா?

விழித்திருக்க வைப்பது எது?

கஃபீன்தான். 250 மில்லிலிட்டர் டின் ஒன்றில் பொதுவாகச் சுமார் 80 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். களைப்பை மூளைக்கு உணர்த்தும் அடினோசின் என்ற பொருளை அது தடுக்கிறது. களைப்பு தீர்வதில்லை, உங்களுக்குத் தெரியாமல் மறைகிறது. குடித்த கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அதனால், பிறகு படுத்தாலும் தூக்கம் கெடலாம்.

பல டின்களில் சுமார் 27 கிராம் சர்க்கரையும் உண்டு. இது 5 தேக்கரண்டிக்கும் அதிகம். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால், அந்தப் பானம் நியூட்ரி-கிரேட் ‘டி’ தரத்தில் வரும். சர்க்கரை சேர்க்காத டின்னிலும் கஃபீன் இருக்கும்.

மற்றப் பொருள்கள் உதவுமா?

• டாரின்: இறைச்சியிலும் மீனிலும் உள்ளது, நம் உடலும் தயாரிக்கிறது. இந்தப் பானங்களில் உள்ள அளவு கவலைக்குரியதல்ல என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் கூறியது. ஆனால், அது களைப்பைத் தள்ளிப்போடும் என்பது நிரூபிக்கப்படவில்லை.

• பி வைட்டமின்கள்: உணவைச் சக்தியாக மாற்ற உடலுக்குத் தேவை. குறைபாடு இல்லாதவருக்குக் கூடுதல் வைட்டமினால் கூடுதல் சக்தி கிடைக்காது.

• குவரானா: இதன் விதையிலும் கஃபீன் உண்டு. மொத்த அளவு கூடிவிடும்.

• ஜின்செங்: வார்ஃபரின் போன்ற மருந்துகளின் செயல்பாட்டைப் பாதிக்கலாம். மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

எவ்வளவு குடிக்கலாம்?

ஆரோக்கியமான பெரியவர்கள் ஒரு நாளில் 400 மில்லிகிராம் கஃபீனைத் தாண்ட வேண்டாம். ஒரே நேரத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்கும் 200 மில்லிகிராம்தான் வரம்பு. காப்பி, தேநீர், கோலா எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

பிள்ளைகளும் பதின்ம வயதினரும் சக்தி பானங்களைத் தவிர்க்க வேண்டும். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், தூக்கமின்மை, மனப்பதற்றம் உள்ளவர்களுக்கும் இவை ஏற்றவை அல்ல.

பாதுகாப்பாக இருக்க

• மதுவுடன் கலக்காதீர்கள். போதை குறைவாகத் தோன்றும்; ஆனால் குறைந்திருக்காது.

• உடற்பயிற்சியின்போது தண்ணீர் குடியுங்கள்.

• வாகனம் ஓட்டும்போது தூக்கம் வந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 15 முதல் 20 நிமிடம் கண்ணயருங்கள்.

• நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், மயக்கம், நிற்காத படபடப்பு ஏற்பட்டால் உடனே 995 எண்ணை அழையுங்கள்.

அடுத்த முறை டின்னைத் திறக்கும்முன், நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தூக்கக் குறையைத் தூக்கத்தால் மட்டுமே தீர்க்க முடியும்.