நரம்பறிவியற் பட்டத்தின் விலையும் பயனும்

அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1973-ஆம் ஆண்டிலேயே நரம்பறிவியலை இளநிலைப் பட்டப் பாடமாக்கியது. இன்று அந்நாட்டில் இதனைக் கற்பிக்கும் கல்லூரிகள் பல. அவற்றுள் எதனைத் தேர்வது? கட்டணம் மிக்கதே சிறந்தது எனக் கொள்ளலாமா?

அறிவிக்கப்படும் கட்டணம் வேறு. குடும்பம் உண்மையிற் செலுத்தும் தொகை வேறு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வெளிமாநில மாணவர், அம்மாநிலத்தாரைவிட ஆண்டுதோறும் 30,000 டாலருக்கு மேல் கூடுதலாகச் செலுத்துகிறார். பாடமும் ஆசிரியரும் ஒன்றே. வசிப்பிடம் ஒன்றே வேறு. தனியார் நிறுவனமான ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கட்டணம் இதனினும் மிகுதி. ஆயினும், 2018-இல் மைக்கேல் புளூம்பெர்க் அளித்த 180 கோடி டாலர் நன்கொடை அங்கே உதவித்தொகையைப் பெருக்கியது. ஆகவே, வசதி குறைந்த மாணவருக்கு, விலையுயர்ந்ததாகத் தோன்றும் கல்லூரியே மலிவாக அமைதலும் உண்டு. ஒவ்வொருவரும் தமக்குரிய நிகரச் செலவை மதிப்பிட்டறியும் வசதியைக் கல்லூரிகள் 2011 முதல் சட்டப்படி அளித்து வருகின்றன.

இனிப் பயன் யாது? இப்பட்டம் வாயிற்படியேயன்றி வீடு அன்று. ஆய்வாளராக விழைவோரும் மருத்துவராக விழைவோரும் மேலும் கற்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்குப் பெரும்பாலும் உதவி ஊதியம் கிட்டும். மருத்துவக் கல்வியோ பலருக்குப் பெருங்கடன். முதற்படியிலேயே கடன்பட்டவர் இரண்டாம் படியில் தயங்கி நிற்பார்.

ஆதலின், நேயர்களே, கேட்க வேண்டியவை இரண்டு. நான்காண்டு முடிவில் எஞ்சும் கடன் எவ்வளவு? ஆய்வுக்கூடத்தில் மாணவர் தாமே சோதனை செய்ய இடமுண்டா? உயிரியல் அல்லது உளவியல் பயின்றே அவ்வாய்வுக்கூடத்தினுள் நுழையலாமெனில், பட்டத்தின் பெயருக்காக மிகுபொருள் ஈவது வீண்செலவேயாகும்.