செங்கோன்மையும் நல்குரவும்

திருவள்ளுவர் செங்கோன்மையையும் நல்குரவையும் ஒரே பொருட்பாலில் வைத்தார். இறைமாட்சியில் தொடங்கும் அப்பாலிலேயே வறுமையின் கொடுமையையும் கூறினமையின், இரண்டிற்கும் தொடர்புண்டு எனக் கொள்வது தவறாகாது. திருக்குர்ஆன் ஸகாத்துக்கு உரியோரை எண்வகையினராக வகுக்கின்றது. வறியோரையும் ஏழைகளையும் அடுத்து மூன்றாவதாக நிற்போர் யாவர்? அப்பொருளைத் திரட்டிப் பங்கிடும் ஊழியரே. ஈகைக்கும் நிருவாகம் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நூல்களை விடுத்து நம் கரைக்கு வருவோம். சாய்ந்தமருது, கிழக்கே கடலும் மேற்கே வயலும் நெருக்க, இடையே குடிகள் செறிந்து வாழும் ஊர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரக் குடிமனைகளை வாரிச்சென்றது. அதன்பின் அரசு, தெற்கில் 100 மீற்றரும் வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றரும் கடலோரத் தடைவலயம் என விதித்தது. உயிர்காப்பே நோக்கம் எனினும், கடலோரத்தை இழந்தவன் மேற்கே பெயர வயலன்றி நிலமில்லை. வயலை நிரப்பவோ சட்டம் எளிதில் இடந்தராது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விதி தளர்த்தப்படும்வரை, ஏழை மீனவன் தன் வளவிலே மீண்டும் வீடு கட்ட வழியின்றித் தவித்தான்.

அக்கரைப்பற்று நுரைச்சோலையிலே சவூதி அரேபியாவின் உதவியால் 500 வீடுகள் எழுந்தன. அவற்றை யாருக்கு எவ்வாறு பகிர்வது என்பது வழக்காகி உயர் நீதிமன்றம் சென்றது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தன. பொருள் இருந்தது, சுவரும் கூரையும் இருந்தன. எல்லாச் சமூகத்தாரும் ஏற்கத்தக்க பங்கீட்டு முறை ஒன்றே இல்லாதிருந்தது.

இதற்கு மாறான நெறியையும் இந்நாடு கண்டதுண்டு. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்திலே, எளியோர் தம் வீட்டைத் தாமே கட்டிக்கொள்ள அரசு சிறுகடன் வழங்கிற்று. கொழும்பு நகரத்துத் தோட்டங்களில் கிணறு, வடிகால், மலசலகூடம் முதலிய சிறுவேலைகள் அங்கு வாழ்வோரின் சங்கங்களுக்கே ஒப்பந்தமாக அளிக்கப்பட்டன. குறைகள் இருந்தன எனினும், ஏழையைக் கையேந்துவோனாகக் கருதாது செய்வோனாகக் கருதியமை அதன் சிறப்பு.

சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்னும் வர்த்தமானி அறிவித்தல் 2020 பெப்ரவரியில் வெளிவந்து, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. தனிச் சபை கேட்பது நியாயமே. ஆயினும் எச்சபை அமையினும், அதன் வரவு செலவும் உதவி பெறுவோர் பட்டியலும் யாவரும் காண ஒட்டப்படுதல் வேண்டும். ஒட்டாவிடிற் கேட்டுப் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் உண்டு. கேளாதிருப்பின், வறியவன் பெயர் விடுபட்ட பட்டியலுக்கு நாமும் உடந்தையாவோம்.