தாலி மட்டும் போதாது!

சி.ஆர்.பி.எப்.பில் இருந்த ஜம்மு இளைஞர் ஒருவர், 2024 மே மாதம் பாகிஸ்தானிலுள்ள உறவுக்காரப் பெண்ணை வீடியோ காலிலேயே நிக்காஹ் செய்தார். இங்கு வந்த அவளுக்கு 2025 மார்ச்சில் விசா முடிந்தது. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு அட்டாரி எல்லை வரை கொண்டு போய்விட்டார்கள். கோர்ட் தடையால் திரும்பினாள். மே மாதம் புருஷனுக்கு வேலை போச்சு. கல்யாணத்தை மறைத்தார், விசா முடிந்தவளை வைத்திருந்தார் என்று காரணம். சொல்லிவிட்டுத்தான் செய்தேன் என்றார் அவர்.

என் வீட்டுக்காரரும் பட்டாளம்தான். சிவகிரியிலேயே பிறந்த என் பேரை அவர் சர்வீஸ் ரிக்கார்டில் ஏற்றவே, சான்றிதழ், ஜோடி போட்டோ என்று ஆறு மாசம் ஓடிவிட்டது. முகாமிலுள்ள இலங்கைப் பெண்ணும் சட்டப்படி பெரும்பாலும் வெளிநாட்டவர்தான். பட்டாளத்துப் பிள்ளைக்குப் பெண் பார்க்கும் தோழியரே, மேலிடத்து அனுமதி எழுத்தில் கைக்கு வந்த பிறகே முகூர்த்தம் குறியுங்கள்.

அந்தப் பெண்தான் பாவம். நம்மூராக இருந்தால், வந்த வேளை சரியில்லை என்று பழியை அவள் தலையிலேயே கட்டியிருப்பார்கள்.

– ஒரு ராணுவ வீரரின் மனைவி, சிவகிரி.